முக்கால் மலை

கலிபோர்னியாவில் இருந்த மூன்று வருடத்தில் நான் ஏறிய மலைகள் ஆறு. கடைசி வாரம்வரை ஆறும் முக்கால் மலைகள். மீதிக் காலைப் பார்க்க விடாமல் ஒவ்வொரு முறையும் என்னைத் திருப்பிக் கூட்டிவந்தவர், அங்கே டப்ளின் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்த அக்கா. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்து திட்டுவார். பத்தே காலுக்கு வைத்துவிடுவார்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம். பிளசன்டனில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அதனால் மனிதர்களிடம் தப்புக் கண்டுபிடிக்க மாட்டார். அதற்குச் சம்பளம் கிடையாதே என்பார். மலைக்கு வரும்போது சுடிதாரின் மேல் கணவரின் முழுக்கை ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், அதன் முகம் உள்பக்கம் பார்த்திருக்கும். மணி பார்க்க உள்ளங்கையை மேலே திருப்புவார். அந்தக் கை திரும்பினாலே எங்கள் கால்கள் தானாக நின்றுவிடும்.

ஏனென்றால் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். எந்த மலை, எவ்வளவு தூரம், உச்சி எத்தனை அடியில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஏற ஆரம்பிக்க வேண்டும், இரண்டு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். ஒரு முறை என் கணவர் ஒரு காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்திருந்தார். இரண்டு ஆகிவிட்டது. அந்தக் காலைக் கீழே எடுக்கச் சொல்லிவிட்டார்.

"அக்கா, அதோ உச்சி தெரியுதே" என்று நான் கெஞ்சுவேன்.

"மலை எங்க போயிரப் போகுது அம்மிணி? இன்னொருக்கா வந்துக்கலாம்" என்பார். சொல்லும்போதே இறங்கத் தொடங்கியிருப்பார். ஏறும்போது கடைசியில் வரும் மனுஷி, இறங்கும்போது எல்லோருக்கும் முன்னால் போவார்.

பன்னிரண்டு மணிக்கு ஏன் ஆரம்பிக்க வேண்டும், காலையிலேயே ஏறினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சாப்பாடுதான் காரணம். வெள்ளைக்காரர்கள் உச்சிக்குப் போய் ஒரு சாண்ட்விச்சைக் கடிப்பார்கள். நாங்கள் பார்க்கிங் லாட்டிலேயே ஜமுக்காளம் விரித்து, பதினொன்றரைக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், மோர் மிளகாய் என்று முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் மலையைத் தொடுவோம். "எதுக்கு அத்தனையும் தோள்ல சொமக்கோணும்? வயித்துல போட்டுக்கிட்டா கை வீசி நடக்கலாம்" என்பது அக்காவின் கட்சி. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எட்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் கை வீசி நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்த எரிமலை அது.

எரிமலை என்று சும்மா சொல்லவில்லை. நாங்கள் அடிக்கடி போனது லாசன் எரிமலைப் பூங்காவுக்கு. டப்ளினிலிருந்து வடக்கே ஐந்து மணி நேரம். அங்கே மலை புகைவதில்லை, தரைதான் புகையும். ரோட்டோரத்திலேயே சேறு கொப்பளித்துக்கொண்டிருக்கும், கேழ்வரகுக் களி கிண்டும்போது மேலே வந்து உடைகிற குமிழிகள்போல. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி நாலைந்து நடைபாதைகள். நாலைந்து குடும்பங்கள், நாலு கார். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அக்கா சொல்வார். ஐந்துக்குச் சரியாக அபார்ட்மென்ட் வாசலில் டிபன் கேரியரோடு நிற்பார். நாங்கள் ஆறரைக்கு வருவோம். திட்டமாட்டார். தாமதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஐந்து என்று சொல்லியிருப்பார்.

அந்தப் பூங்காவில் நரகம் என்று பெயர் வைத்த ஓர் இடம் உண்டு. மரப்பலகை போட்ட பாதையில் நின்று பார்த்தால் சுற்றிலும் கந்தகக் குளங்கள் கொதிக்கும் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் நான் எழுத முடியும். நாங்கள் போனபோது வழியெல்லாம் பனிக்கட்டி, சறுக்கிச் சறுக்கி நடந்தோம். கடைசி வளைவுக்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் முட்டையை வீட்டுக்குள் விடாதவர்கள். அவர்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அச்சு அசல் அழுகின முட்டை வாசனை என்று அடித்துச் சொன்னார்கள். உஸ்ஸென்று நீராவி சீறும் சத்தமும் கேட்டது. வளைவைத் திரும்ப இருபதடிதான். அக்காவின் உள்ளங்கை திரும்பியது.

"ரெண்டு."

"அக்கா! சத்தமே கேக்குது!"

"கேட்டாச்சில்ல? மோந்தும் பாத்தாச்சு. பாக்கி இருக்கறது பாக்கறது மட்டும்தான். மலை எங்க போயிரப் போகுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்கு அம்மாவோடு போனில் பேசினேன். ஒவ்வொரு மலைக்கும் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "மேல என்னடி இருந்துது?" போன் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். "மேகம்மா" என்றேன். இந்த முறை நரகத்துக்குப் போனோம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கார்டே பத்தியிருக்காது.

மலையில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்தால் எட்டு மணிக்குக் கிளம்புவேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். எட்டுக்குக் கேக் வெட்டக் கத்தியைக் கையில் எடுத்திருப்பார்கள், இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் கூச்சமில்லாமல் வந்து, "கேக்கு மிச்சமிருக்குதா அம்மிணி?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் வீடியோ கேசட்டில் படம் போட்டால் ஒன்பதுக்கு எழுந்துவிடுவார். கொலைகாரன் முகமூடியைக் கழற்றப் போகிற நேரமாக இருக்கும். "கண்டுபிடிச்சா நாளைக்குச் சொல்லு" என்று மாடிக்குப் போய்விடுவார். அதிலும் எனக்கு ஒரு வருத்தம், மறுநாள் அவர் கேட்கவே மாட்டார்.

அவருடைய கணவர் மலைக்கெல்லாம் வரமாட்டார். வீட்டிலேயே இருந்து ரசம் வைப்பார். எட்டு மணிக்கு அக்கா வருவார் என்றால் ஏழு ஐம்பத்தைந்துக்கு ரசத்தை இறக்குவார். ஒரு நாள் அவரிடமே கேட்டேன், அக்கா ஏன் இப்படி என்று.

"எனக்கென்னங்க தெரியும்? கல்யாணத்தன்னைக்கே அப்படித்தானுங்க. முகூர்த்தம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. போட்டோக்காரரு என்னைய மட்டும் வெச்சு நாலு படம் எடுத்தாருங்க" என்றார். அந்தப் படங்களைக் காட்டவும் செய்தார். மாலையோடு அவர் மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவிடமே கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் வரும். சாயங்காலம் மலையில் இடி இறங்கும். இருட்டில் மான் குறுக்கே வரும். தயிருக்கு உறை ஊற்ற வேண்டும். ஒரு முறை மட்டும், "ஏறும்போது எல்லாரும் சேந்து ஏறுவாங்க, எறங்கும்போதுதான் கூட்டம் செதறும். வெளிச்சம் இருக்கறப்பவே எண்ணி கார்ல ஏத்தீரோணும்" என்றார். அதுதான் நிஜம் என்று அன்று நினைத்தேன். அடுத்த மாதம் அவரே அதை மறுத்து, மத்தியானத் தூக்கம் போய்விடுகிறது என்றார்.

என் கணவரின் காலேஜ் நண்பர் ஒருவர் டெக்ஸாஸில், ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருந்தார். அவர் ஊரில் மேடு என்றால் ஃப்ரீவே பாலம்தான். எங்களைப் பார்க்க வந்தவரை லாசனுக்கு இழுத்துப் போனோம். அன்று சிண்டர் கோன் என்ற கரிய கூம்பு. முழுக்க எரிமலைச் சரளை. இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கிக் கீழே வருவோம். இரண்டு மணிக்கு வழக்கம்போல் அக்கா கையைத் திருப்பினார். கேட்டிக்காரர் கேட்கவில்லை.

"இன்னும் பத்தே நிமிஷம் மேடம். இவ்ளோ டிரைவ் பண்ணி வந்துட்டு டாப்புக்குப் போகாம வர்றதா? நான் போய் டச் பண்ணிட்டு வந்துடறேன்" என்று விறுவிறுவென்று ஏறிப் போனார்.

பத்து நிமிஷம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தைகள் காரில் அழுதார்கள். என் கணவருக்கு முகத்தில் ஈயாடவில்லை, கூட்டி வந்தவர் அவராயிற்றே. கேட்டிக்காரர் ஷூ நிறையச் சரளையும் உதட்டில் சிரிப்புமாக வந்து சேர்ந்தபோது, அக்கா அவருக்காக எடுத்து வைத்திருந்த தயிர்சாதத்தை நீட்டினார். அவ்வளவுதான். திட்டுக்காகக் காத்திருந்தவர் தாங்க முடியாமல் தானே ஆரம்பித்தார்.

"மேல ஒண்ணுமே இல்ல மேடம். ஒரு பள்ளம். காத்து, அவ்ளோதான்."

"அதுக்குத்தானுங்க நாங்க கீழயே இருந்தோம். வெயில்ல வந்திருக்கீங்க, சாப்புடுங்க" என்றார் அக்கா.

ஒரு முறை அவர் சொன்ன இடியும் வந்தது. நாங்கள் இறங்கிக் கார்க் கதவைத் திறக்கவும் வானம் பிளந்து ஆலங்கட்டி கொட்டவும் சரியாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் இறங்கிய ஒரு கூட்டம் நடுங்கிக்கொண்டே ஓடிவந்தது. அக்கா டிக்கியைத் திறந்து எங்கள் ஜமுக்காளத்தை எடுத்து அவர்களுக்குப் போர்த்தினார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதில் எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

இரண்டாயிரத்தொன்று கோடையில் என் கணவரின் வேலை போயிற்று. அந்த வருடம் டப்ளினில் வேலை போகாத வீடு குறைவு. விசா கம்பெனியோடு கட்டினது. வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மாதம் தேடினார். கிடைக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போட்டோம். சோபாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கு ஒன்று உறைத்தது. மனைவிமாருக்கான எச்-ஃபோர் விசாவில் வந்த எனக்கு இந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதியில்லை, கார் ஓட்டத் தெரியாது, இருந்த மூன்று வருடத்தில் இங்கே நான் என்று செய்த ஒரே காரியம் மலை ஏறியதுதான். அதில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்ன அத்தனை மேகமும் பொய். போவதற்குள் ஒரு உச்சியில் நின்றுவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

அக்காவிடம் கேட்டேன். "போலாமே! கடைசி டிரிப்பு, லாசன் பீக்குக்கே போலாம்" என்றார் சந்தோஷமாக. அந்தப் பூங்காவிலேயே பெரிய மலை அதுதான். இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் ஒரே இடத்தில் திரும்பியிருக்கிறோம். அந்த வளைவில் எருமை படுத்த மாதிரி ஒரு சிவப்புப் பாறை. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் அரை மணி, முக்கால் மணி.

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் மூணு மணிக்குத் திரும்பலாமா?"

"ரெண்டு" என்றார். அதே சந்தோஷத்தோடு.

என் கணவரிடம் அழுதேன். அவர் யோசித்துவிட்டு, "சிம்பிள். அவங்க வாட்சை ஃபார்ட்டி மினிட்ஸ் பின்னால செட் பண்ணிடு" என்றார். இரண்டாயிரம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிப்போகும் என்று உலகமே பயந்ததே, அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய இரண்டு வருடம் ராப்பகலாகப் புரோகிராம் எழுதியவர் அவர். நேரம் காலம் விஷயத்தில் அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் புளியோதரை கலக்கினோம். கையால் கலக்கும்போது அக்கா வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைப்பார். பெருங்காயம் எடுக்கிற சாக்கில் போய்த் திருகினேன். நாற்பது நிமிஷம் பின்னால். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு வேலை அதுதான்.

மறுநாள் வழக்கம்போல் எல்லோரும் ஆறரைக்கு வந்தோம். அக்கா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "அட, அஞ்சு அம்பதுக்கே வந்துட்டீங்களே! பரவால்லியே, போற நேரத்துல திருந்தீட்டீங்க" என்று மெச்சினார். கார் கடிகாரங்களை நம்பி யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் கூட்டத்தில் குளிர்காலத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய கார்க் கடிகாரத்தைக் கோடையில் மறுபடி முன்னால் மாற்றத் தெரிந்த ஆள் கிடையாது. கையில் வாட்ச் கட்டியவர்களும் அதைப் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மலைக்கு வந்தால் மணி அக்காவின் இலாகா.

மலையடிவாரத்துக்குப் பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜமுக்காளம் விரித்தோம். அக்கா டிபன் கேரியரைத் திறக்கவில்லை.

"பத்து நாப்பதுதான ஆகுது. பதினொண்ணரைக்குத் தொறக்கலாம்."

எங்களை வழியனுப்ப வந்திருந்த கேட்டிக்காரருக்குப் பசி தாங்கவில்லை. மூன்று நாள் லீவுக்கு எதற்கு என்று அவர் வாட்சை டெக்ஸாஸ் நேரத்திலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், என் வாட்ச்ல ரெண்டு மணி. ரெண்டு அவர் மைனஸ் பண்ணா பன்னெண்டு வருதே" என்றார்.

"கழிக்கறதுல எங்கியோ தப்புப் பண்ணியிருப்பீங்க" என்றார் அக்கா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் வெளுத்துப்போனார். என் காதருகே குனிந்தார்.

"நம்ம பிளான்ல ஒரு பக் இருக்கு."

"என்ன?"

"ஸ்டார்ட் டைமும் அதே வாட்ச்தான்."

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அக்கா வாட்சில் பன்னிரண்டு ஆகும்போது உலகத்தில் பன்னிரண்டு நாற்பது. அப்போதுதான் ஏறுவோம். அவர் வாட்சில் இரண்டு ஆகும்போது உலகத்தில் இரண்டு நாற்பது. அப்போது திரும்புவோம். நடப்பது அதே இரண்டு மணி நேரம்தான். ஏற ஆரம்பித்த பிறகல்லவா வாட்சைத் திருகியிருக்க வேண்டும்!

"ரெண்டு வருஷம் டைம் ஃபிக்ஸ் பண்ணீங்களே!" என்று பல்லைக் கடித்தேன். அவர் புளியோதரை வரும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, வேகமாக ஏறிவிடலாம் என்று முடிவு செய்தேன். தயிர்சாதத்தைத் தொடவில்லை. அடுத்தவர்களின் தண்ணீர் பாட்டிலையும் நானே தூக்கினேன். யாராவது போட்டோ எடுக்க நின்றால் விரட்டினேன். கூட்டம் கூட்டமாகத்தானே நடந்தது. அது தன் வேகத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தது. வளைவுக்குப் பின் வளைவு. மரங்கள் முடிந்து வெறும் பாறையும் சரளையும் வந்தன. கடைசியில் அந்தச் சிவப்பு எருமையை எட்டியபோது என் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டு."

"மேடம், என் வாட்ச்ல நாலு நாப்பது" என்றார் கேட்டிக்காரர் விடாமல். "ரெண்டு கழிச்சா ரெண்டு நாப்பது. நான் மேத்ஸ்ல சென்டம் மேடம்."

எல்லோரும் அப்போதுதான் தங்கள் தங்கள் வாட்சைப் பார்த்தார்கள். அக்கா தன் வாட்சை ஒரு முறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"நான்தான் அக்கா திருப்பினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபிளைட். மூணு வருஷத்துல ஒரு உச்சியக்கூட நான் பாக்கல. இன்னொருக்கா இன்னொருக்கான்னு சொல்றீங்களே, எனக்கு ஏது இன்னொருக்கா?"

அக்கா வாட்சின் திருகை இழுத்து, முள்ளை நாற்பது நிமிஷம் முன்னால் கொண்டுபோய்ச் சரி செய்தார்.

"நாப்பது நிமிஷம் லேட்டு. எறங்குங்க" என்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவும் ஆரம்பித்தார். "மலை எங்க..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்த ஐந்து மணி நேரமும் அவர் காரில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ரெஸ்ட் ஏரியாவில் அவர் நீட்டிய காபியை வாங்கவில்லை. மனுஷியா இவர், கல் என்று நினைத்தேன். வீடு வந்து படியேறும்போது குட் நைட்கூடச் சொல்லவில்லை. மேல் வீட்டில் கதவு திறந்தது கேட்டது. அன்று ரசம் நாற்பது நிமிஷம் ஆறிப்போயிருக்கும், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன் கதவு தட்டப்பட்டது. மஃப்ளர், ஸ்வெட்டர், கான்வாஸ் ஷூ.

"கெளம்பு அம்மிணி."

"எங்க அக்கா? உங்களுக்கு இன்னைக்கு ஆபீஸ்..."

"லீவு சொல்லீட்டேன். நாலரைக்குக் கெளம்பறோம். பல்லு வெளக்கீட்டு வா."

சோபாவை வாங்க ஆள் வருவதால் என் கணவர் வரவில்லை. வாட்ச் விஷயத்துக்குப் பிறகு அக்காவின் முன்னால் நிற்க அவருக்குத் தைரியமும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும். வழியில் அக்கா எங்கும் நிறுத்தவில்லை. ஒன்பதே காலுக்கு மலையடிவாரம். நான் பழக்க தோஷத்தில் ஜமுக்காளத்தை எடுத்தேன்.

"அதை வெய்யி. சாப்பாடு மேல" என்று டிபன் கேரியரைப் பையில் போட்டுத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

காலி வயிற்றோடு ஏறினால் மலை எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. சிவப்புப் பாறையை நிற்காமல் தாண்டினோம். அதற்கு மேல் இருந்த வழி எங்கள் இருவருக்குமே புதிது. கடைசியில் கொஞ்சம் பனி, அதற்கப்பால் கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு, கையையும் ஊன்றி ஏறினோம். பதினொன்று நாற்பதுக்கு உச்சியில் நின்றோம். கீழே இங்க் கொட்டின மாதிரி நீலத்தில் ஓர் ஏரி. வடக்கே தூரத்தில் வெள்ளைத் தலையோடு இன்னொரு பெரிய மலை. மேகம் ஒன்றுகூட இல்லை. நான் சிரித்தேன், கத்தினேன், அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவரோ முன்பின் தெரியாதவர் வீட்டு ஹாலில் நிற்பதுபோல் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

புளியோதரை சாப்பிட்டோம். பன்னிரண்டரைக்கெல்லாம் எனக்குக் குளிரில் பல் கிட்டியது.

"பாத்தாச்சு அக்கா, எறங்கலாமா?"

"எப்படி எறங்கறது? இன்னும் ரெண்டு ஆகலையே."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, பாறைக்குப் பின்னால் காற்றுப் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது, கார் சாவி அவரிடம்தானே. என்னென்னவோ பேசினோம். தாம்பரத்தில் எந்தத் தெரு, திரும்பப் போய் நான் என்ன வேலை தேடுவேன், மோர் மிளகாய் எப்படிப் போடுவது, அந்தப் படத்தில் யார்தான் கொலைகாரன். ஒரு மணிக்கு மேல் குளிர் பழகிவிட்டது. ஒன்றரைக்கு, இனி இந்த மனுஷியோடு இப்படி உட்கார மாட்டேன் என்று தோன்ற ஆரம்பித்தது. அதன் பிறகு நான் ஏரியைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு மட்டும் எப்படி அக்கா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மலை எங்கியும் போகாது அம்மிணி. நீதான போறே" என்றார். மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளங்கை திரும்பியது. நான் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு" என்றார்.

"இன்னும் பத்து நிமிஷம் அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். பிறகு திருகை நகத்தால் வெளியே இழுத்து, முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒண்ணு அம்பதுதான ஆகுது. உக்காரு."

இரண்டாவது முறை இரண்டு மணி ஆனபோது, இருவரும் எழுந்து இறங்கினோம்.